மூன்றாம் ஷோகனின் தொட்டி மரம்

டோக்கியோ நகரின் நடுவே ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிறது. அந்த அரண்மனைத் தோட்டத்தில் ஒரு பைன் மரம் நிற்கிறது. அது தரையில் வளரும் மரம் அல்ல. தொட்டியில் வளரும் மரம்!

அதன் வயது என்ன தெரியுமா? 500 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த மரத்துக்கு ஒரு பெயரும் உண்டு. மூன்றாம் ஷோகனின் பைன் என்பது அந்தப் பெயர்.

யார் அந்த மூன்றாம் ஷோகன்? ஒரு காலத்தில் ஜப்பான் நாட்டையே ஆட்டிப் படைத்தவர். அவருடைய ஆணைக்குச் சிற்றரசர்கள் எல்லாரும் நடுங்கினார்கள். ஆனால், அந்த மரம் மட்டும் அவருடைய ஆணைக்குக் கட்டுப்படவில்லை. அவர்தான் மரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அவர் பெயர் டோகுகாவா இயெமிட்சு.

வேண்டாத பிள்ளை

ஷோகன் என்றால் படைத்தலைவர் என்று பொருள். அந்தக் காலத்தில் ஜப்பான் சக்கரவர்த்தி கியோட்டோ நகரில் பெயருக்குத்தான் இருந்தார். நாட்டை உண்மையில் ஆண்டவர் ஷோகன். அவர் இருந்த கோட்டை நகரம் எடோ. அதுதான் இன்றைய டோக்கியோ.

பல ஆண்டுகள் உள்நாட்டுச் சண்டையில் சீரழிந்து கிடந்த ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவர் டோகுகாவா இயெயாசு. அவர் 1603-ம் ஆண்டில் ஷோகன் ஆனார். அவருடைய மகன் ஹிடேடாடா இரண்டாம் ஷோகன். ஹிடேடாடாவின் மகன்தான் இயெமிட்சு.

இயெமிட்சு 1604-ம் ஆண்டில் எடோ கோட்டையில் பிறந்தான். அரச மாளிகையில் பிறந்தும், தாய் தந்தையரின் அன்பு அவனுக்குக் கிட்டவில்லை. நோஞ்சான் பிள்ளை, பேச்சும் திக்கும் என்பார்கள். அவனுக்கு ஒரு தம்பி பிறந்தான். அழகானவன், சுட்டியானவன். பெற்றோரின் பாசம் முழுவதும் தம்பியின் பக்கம் போய்விட்டது. அடுத்த ஷோகன் தம்பிதான் என்று அரண்மனையில் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள்.

அண்ணனுக்கென்று ஒரே ஒரு ஆள் இருந்தாள். அவனுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் ஒபுகு. பிற்காலத்தில் கசுகா என்று புகழ் பெற்றவள் அவளே.

ஒரு தாயின் துணிச்சல்

ஒபுகு பார்த்தாள். இப்படியே விட்டால் பிள்ளையின் வாழ்வு பாழாகிவிடும் என்று அஞ்சினாள். பாட்டனார் இயெயாசு அப்போது பதவியை மகனிடம் கொடுத்துவிட்டு, சுன்பு என்ற ஊரில் இருந்தார். ஆனாலும் அவர் சொல்லே கடைசிச் சொல்.

கோவிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒபுகு கோட்டையை விட்டுக் கிளம்பினாள். நேரே சுன்புவுக்குப் போனாள். கிழவரின் காலில் விழுந்து முறையிட்டாள். விஷயம் வெளியே தெரிந்தால் அவள் தலை தப்பாது. அப்படியும் போனாள்!

கிழவர் எடோவுக்கு வந்தார். பேரப் பிள்ளைகளை அழைத்தார். மூத்தவனைத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். இளையவனைக் கீழே உட்கார வைத்தார். அதோடு வாரிசுப் பேச்சு முடிந்தது. இப்படி ஒரு கதையை ஜப்பானியர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இயெமிட்சு 1623-ம் ஆண்டில் மூன்றாம் ஷோகன் ஆனார்.

1629-ம் ஆண்டில் அவருக்கு அம்மை கண்டது. உயிர் ஊசலாடியது. பிள்ளை பிழைத்தால் ஆயுள் முழுவதும் நான் மருந்தே தொடமாட்டேன் என்று செவிலித்தாய் வேண்டிக்கொண்டாளாம். இயெமிட்சு பிழைத்தார். 1643-ம் ஆண்டில் அவள் நோயில் விழுந்தாள். ஷோகனே மருந்து அனுப்பியும் அவள் உண்ணவில்லை. சொன்ன சொல்லைக் காத்தபடியே இறந்தாள் என்பார்கள்.

இரும்புக் கை

அன்புக்கு ஏங்கி வளர்ந்த பிள்ளை, ஆட்சியில் அன்பைக் காட்டவில்லை. இரும்புக் கையைத்தான் காட்டினார்.

தந்தை ஹிடேடாடா 1632-ம் ஆண்டில் இறந்தார். அதன் பிறகு முழு அதிகாரமும் இயெமிட்சுவின் கைக்கு வந்தது. தம்பி காவலில் வைக்கப்பட்டார். அண்ணனின் உத்தரவுப்படி, தம்பி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.

1635-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சிற்றரசர்கள் ஓராண்டு சொந்த ஊரிலும், ஓராண்டு எடோவிலும் இருக்க வேண்டும். அவர்களுடைய மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். அதாவது, குடும்பமே பிணை! எவனாவது கலகம் செய்ய நினைப்பானா?

அடுத்து, நாட்டின் கதவுகளை மூடினார். ஜப்பானியர் வெளிநாடு போகக் கூடாது. போனவர் திரும்பி வரக் கூடாது. 1639-ம் ஆண்டில் போர்த்துகீசியர் விரட்டப்பட்டனர். டச்சு வணிகர்கள் மட்டும் 1641-ம் ஆண்டு முதல் நாகசாகி துறைமுகத்தில் ஒரு சிறிய தீவுக்குள் அடைத்து வைக்கப்பட்டனர். சீன வணிகரும் நாகசாகிக்கு மட்டுமே வரலாம். இந்த நிலை 200 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

வரிக் கொடுமை தாங்காமலும், கிறிஸ்தவர்கள் என்பதற்காகத் துன்புறுத்தப்பட்டும், ஷிமாபாரா பகுதிக் குடியானவர்கள் 1637-ம் ஆண்டில் கிளர்ந்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டில் ஷோகனின் படை அவர்களை அடியோடு அழித்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 37,000 பேர் வரை மாண்டதாகச் சொல்கிறார்கள்.

அதே 1638-ம் ஆண்டில், எடோ கோட்டையின் நடுவே ஒரு புதிய கோபுர மாளிகை எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து அடுக்கு. கல் அடித்தளத்தோடு சேர்த்து ஏறக்குறைய 190 அடி உயரம். என் ஆட்சி என்றும் அசையாது என்று அந்தக் கோபுரம் ஊருக்குச் சொல்வது போல நின்றது.

ஷோகனின் ஆசை

இத்தனை கடுமையான மனிதருக்கு ஓர் ஆசை இருந்தது. தொட்டியில் மரம் வளர்க்கும் ஆசை!

பெரிய மரத்தின் அழகு முழுவதையும் ஒரு சிறு தொட்டிக்குள் கொண்டுவருவதே இந்தக் கலை. இதன் வேர் சீன நாட்டில் இருக்கிறது. ஜப்பானியர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். இன்று உலகம் முழுவதும் இதற்குப் போன்சாய் என்று பெயர். போன் என்றால் தட்டையான தொட்டி. சாய் என்றால் நடுவது.

போன்சாய் என்பது தனி ஜாதி மரம் அல்ல. பைன், மேப்பிள், பிளம் என்று காட்டிலும் தோட்டத்திலும் வளரும் அதே மரங்கள்தான். கிளையைக் கத்தரித்து, வேரைக் குறைத்து, ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்துவதால் அது சிறியதாகவே இருக்கிறது. பட்டினி போட்டு வளர்ப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பட்டினி போட்டால் மரம் சிறுக்காது, செத்துப்போகும்.

இயெமிட்சு இந்த மரங்களிடம் மனத்தைப் பறிகொடுத்தார். ஐந்து ஐந்து ஊசிகளாக இலை விடும் பைன் மரம் ஒன்றை அவர் தம் கண்ணைப்போல் காத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதுவே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மரம்.

கிழவரின் கோபம்

ஷோகனின் அவையில் ஓகுபோ ஹிகோசாயெமோன் என்று ஒரு கிழவர் இருந்தார். பாட்டனார் இயெயாசு காலத்திலேயே போர்க்களம் கண்டவர். மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லும் குணம் உள்ளவர்.

ஷோகன் எந்நேரமும் மரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டை ஆள வேண்டியவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? ஒருநாள் அவர், ஷோகன் ஆசையாக வளர்த்த ஒரு தொட்டி மரத்தைத் தூக்கித் தோட்டத்தில் வீசி எறிந்துவிட்டாராம்!

வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் தலை உருண்டிருக்கும். கிழவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஷோகனும் மர ஆசையை விடவில்லை. இது கதைதான். ஆனால், ஷோகனின் ஆசை எவ்வளவு பெரியது என்பதை ஊரே அறிந்திருந்தது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

கிழவர் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனென்றால், தொட்டி மரம் அப்படி நேரத்தை விழுங்கும். அது ஏன்?

தண்ணீர் ஊற்றுவது எளிதா?

தரையில் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர் குறைந்தால், அது வேரை ஆழமாக விட்டுத் தேடிக்கொள்ளும். தொட்டியில் நிற்கும் மரம் எங்கே போய்த் தேடும்? அதற்கு உலகமே அந்தத் தொட்டிதான்.

தண்ணீர் குறைந்தால் வேர் காயும். சரி, அதிகமாக ஊற்றிவிட்டால்? வேர் அழுகும். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் எப்போதும் நீர் தேங்கி நின்றால் காற்றுக்கு இடம் இல்லை. வேர் மூச்சுத் திணறிச் சாகும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. காய்ந்தாலும் இலை வாடும். அழுகினாலும் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்தவுடன், ஐயோ பாவம் என்று இன்னும் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் பலர். நீரில் மூழ்குகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றது அது! பைன் மரமோ இன்னும் மோசம். வேர் கெட்டுப் பல நாள் கழித்துத்தான் ஊசி இலை பழுக்கும். அப்போது மருந்து தேடிப் பயன் இல்லை.

பிறகு எப்படித்தான் ஊற்றுவது? போன்சாய் வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது. மேல் மண் உலரத் தொடங்கியதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு மெல்லிய மரக்குச்சியை மண்ணில் செருகிச் சிறிது நேரம் விட்டு எடுத்தால் போதும். குச்சி ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

ஊற்றும்போது நிறைவாக ஊற்ற வேண்டும். நுண்ணிய துளை உள்ள பூவாளியால், மண் கரையாமல், மழை பெய்வது போல ஊற்ற வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியாக நீர் ஒழுகி வரும் வரை நிறுத்தக் கூடாது. நீர் கீழே இறங்கும்போது, பின்னாலேயே புதிய காற்று மண்ணுக்குள் புகும். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒரு முறை ஊற்றினால் எல்லா மண்ணும் நனையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால், மேல் மண்தான் நனையும். அடி வேர் காய்ந்தே கிடக்கும்.

சுட்டெரிக்கும் கோடையில் ஒரே நாளில் இரண்டு முறை ஊற்ற நேரிடும். குளிர் காலத்தில் சில நாளைக்கு ஒரு முறை போதும். காற்று பலமாக அடித்தால் மேகம் மூடிய நாளிலும் மண் உலர்ந்துவிடும். விடாமல் மழை பெய்தால், தொட்டியின் ஒரு பக்கம் கட்டையை வைத்துச் சாய்த்துவிடுவார்கள். தேங்கும் நீர் வடிந்துவிடும்.

தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆகும் என்பது ஜப்பானிய வளர்ப்பாளர்களின் பழமொழி. வாளி தூக்கவா மூன்று ஆண்டு? இல்லை. மரத்தின் தேவையைப் பார்த்து அறியும் கண் வருவதற்குத்தான் மூன்று ஆண்டு.

மண்ணில் இருக்கிறது சூட்சுமம்

தண்ணீர் நன்றாக வடிய வேண்டும் என்றால், மண் சரியாக இருக்க வேண்டும்.

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் குழைந்து களிம்பாகிவிடும். பிறகு காய்ந்து கல்லாக இறுகும். நீர் உள்ளே இறங்காது. இறங்கினால் வெளியே வராது.

ஆழம் இல்லாத தொட்டியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். சொட்டு நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! படுத்திருக்கும் ஸ்பாஞ்சு நீரை விடுவதில்லை. தட்டையான தொட்டி மண்ணும் அப்படித்தான். ஆகவே, மண் மணி மணியாக இருக்க வேண்டும். மணிக்கும் மணிக்கும் இடையே சந்து இருந்தால்தான் நீர் இறங்கும், காற்று புகும்.

ஜப்பானில் இன்று இதற்குப் பெரிதும் பயன்படுவது அகடமா என்ற செம்மண். எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான மண் அது. ஒவ்வொரு மணியும் தனக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சிய நீரை வழிய விட்டுவிடும். அதோடு நுரைக்கல்லும், பரும்படியான ஆற்று மணலும் கலப்பார்கள். பைன் மரத்துக்கு மணலும் கல்லும் சற்றுக் கூடுதல். அதற்கு ஈரம் அதிகம் ஆகாது.

மண்ணைச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கிவிடுவார்கள். தூள் இருந்தால் சந்தெல்லாம் அடைபடும். அடித்துளையில் வலைத்துண்டு வைத்து, கீழே பெரிய மணி, மேலே சிறிய மணி என்று நிரப்புவார்கள். நாளாக ஆக மணிகள் நொறுங்கும். வேரும் தொட்டியை அடைத்துக்கொள்ளும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தை எடுத்து, வேரில் ஒரு பகுதியைக் கத்தரித்து, புது மண்ணில் வைப்பார்கள்.

மண் சரியா என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. தண்ணீர் ஊற்றுங்கள். சில விநாடிகளில் மண்ணுக்குள் மறைந்து, அடியில் ஒழுகினால் மண் நல்ல மண். மேலே குளம்போல் நின்றால் மண்ணை மாற்றும் காலம் வந்துவிட்டது.

நல்ல மண்ணுக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களும் உண்டு. 1923-ம் ஆண்டில் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் குலைத்தது. அதன்பின் அந்நகரத்துப் போன்சாய்க்காரர்கள் சிலர், நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி ஓமியா என்ற இடத்துக்குப் போனார்கள். 1925-ம் ஆண்டில் அங்கே போன்சாய் கிராமம் ஒன்று உருவாயிற்று. அது இன்றும் இருக்கிறது.

நின்றது எது?

இயெமிட்சு 1651-ம் ஆண்டில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. பாட்டனார் கோவில் கொண்டிருக்கும் நிக்கோ மலையில், அவர் விரும்பியபடியே அடக்கம் செய்தார்கள். அந்தப் பாட்டனாருக்குப் பொன்னும் வண்ணமுமாகப் பெருங்கோவிலைப் புதுப்பித்துக் கட்டியவரும் அவரே.

அவர் இறந்து ஆறே ஆண்டுகள். 1657-ம் ஆண்டில் எடோ நகரில் பெருந்தீ பிடித்தது. நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஒரு லட்சம் பேர் வரை மடிந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தீயில், இயெமிட்சு எழுப்பிய 190 அடிக் கோபுரமும் எரிந்து விழுந்தது. கல் அடித்தளத்தை மட்டும் மறுபடி கட்டினார்கள். அதன்மேல் கோபுரம் எழவே இல்லை. மொட்டையான அந்தக் கல் மேடையை இன்றும் காணலாம்.

அவர் மூடிய கதவுகள், 1853-ம் ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து மிரட்டியபின் திறந்துகொண்டன. 1867-ம் ஆண்டில் கடைசி ஷோகன் பதவி துறந்தார். மறு ஆண்டு சக்கரவர்த்தி எடோவுக்கு வந்தார். ஷோகன்களின் கோட்டை சக்கரவர்த்தியின் அரண்மனையாயிற்று.

கோபுரம் போயிற்று. சட்டங்கள் போயின. ஷோகன் என்ற பதவியே போயிற்று. தொட்டி மரம் மட்டும் நிற்கிறது!

எப்படி நின்றது? இயெமிட்சு இறந்து 370 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நாள் கணக்கில் பார்த்தால் 1,35,000 நாட்களுக்கு மேல். ஏதோ ஒரு கோடையில் சில நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் போதும், மரம் பட்டுப்போயிருக்கும். அத்தனை காலமும் யாரோ ஒருவர் தொட்டியின் அருகே வந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, வேண்டிய அளவு நீர் ஊற்றியிருக்கிறார். ஒருவர் மூப்படைந்தால், அடுத்தவர் பூவாளியைக் கையில் வாங்கியிருக்கிறார். அந்தத் தோட்டக்காரர்களின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

நோஞ்சானாக, யாருக்கும் வேண்டாதவனாகக் கிடந்த ஒரு பிள்ளையை, ஒரு செவிலித்தாய் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அந்தப் பிள்ளை வளர்ந்து, நாட்டையே நடுங்க வைத்தார். ஆனால், அவர் நடுங்க வைத்துக் காத்தது எதுவும் மிஞ்சவில்லை. அன்றாடம் பார்த்துப் பார்த்து வளர்த்த உயிர்தான் மிஞ்சியது.

உங்கள் வீட்டு வாசலில் ஒரு தொட்டிச் செடி இருக்கலாம். நாளைக் காலை தண்ணீர் ஊற்றும் முன், ஒரு விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஷோகனின் மரத்தை இத்தனை காலம் வாழ வைத்த வித்தை அதுதான்.